17–0: ஒரே ஒரு முறை நடந்தது

2023 நவம்பர் 19 இரவு பலருக்கு நினைவிருக்கும். கிரிக்கெட் உலகக் கோப்பையில் வரிசையாகப் பத்து ஆட்டங்களை ஜெயித்து வந்த இந்தியா, அகமதாபாத்தில் பதினோராவது ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. ஆரம்பத்தில் இரண்டு ஆட்டம் தோற்றுத் தடுமாறிய ஆஸ்திரேலியா கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. பத்து வெற்றிக்கும் சேர்த்து இந்தியாவுக்குக் கிடைத்தது ஆறுதல் வார்த்தை மட்டும்தான்.

அந்தப் பதினோராவதையும் ஜெயித்திருந்தால் அதை என்னவென்று சொல்வோம்? அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களிடம் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: பெர்ஃபெக்ட் சீசன். சீசனின் முதல் ஆட்டத்திலிருந்து சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் வரை, ஒன்றுகூடத் தோற்காமல், ஒன்றுகூட டிரா ஆகாமல், எல்லாவற்றையும் ஜெயித்து முடிப்பது. அங்குள்ள தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். 1920-ல் தொடங்கியது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதைச் செய்த அணி ஒன்றே ஒன்று, 1972-ன் மயாமி டால்ஃபின்ஸ். 17 ஆட்டம், 17 வெற்றி.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு

நூறு கெஜ நீள மைதானம். பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து தேங்காய் மாதிரி நீள்வட்டம். கால்பந்து என்று பெயர் இருந்தாலும் காலுக்கு வேலை குறைவு. பெரும்பாலும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், இல்லாவிட்டால் எறிவார்கள். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அந்த நான்குக்குள் பத்து கெஜம் முன்னேறினால் புதிதாக இன்னும் நான்கு வாய்ப்பு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். அதனால் நான்காவது வாய்ப்பில் நம்பிக்கை இல்லை என்றால் பந்தைத் தூரமாக உதைத்துத் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பெயர் பன்ட்.

எதிரணியின் வேலை, பந்து வைத்திருப்பவனைத் தரையில் சாய்ப்பது. கபடியில் கோட்டைத் தொட எக்கும் ரைடர் மேல் ஏழு பேர் விழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே பதினோரு பேர், தலையில் ஹெல்மெட், பலருக்கு நூறு கிலோவுக்கு மேல் எடை.

பந்தோடு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே ஓர் உதை, கூடுதலாக 1. கோடு வரை போக முடியாது, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டோம் என்றால் அங்கிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைக்கலாம். அது ஃபீல்டு கோல், 3 புள்ளி. தாக்குதலை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும், யாருக்குக் கொடுப்பது, யாருக்கு எறிவது என்பது அவர் பாடு. அவர் எறிந்ததை எதிராளி பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன். சரி, இவ்வளவு தெரிந்தால் போதும்.

தோற்காதது வேறு, எல்லாம் ஜெயிப்பது வேறு

இங்கேதான் முதலில் குழப்பம் வரும். இங்கிலாந்துக் கால்பந்தில் 2003–04 சீசனில் ஆர்சனல் 38 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஆனால் 12 ஆட்டம் டிரா. அது பெரிய சாதனைதான், தோல்வியே இல்லாத சீசன்தான். பெர்ஃபெக்ட் சீசன் அல்ல.

என்.எஃப்.எல்லின் ஆரம்ப காலத்திலும் இப்படிப்பட்ட அணிகள் இருந்தன. முதல் சாம்பியனான ஆக்ரன் புரோஸ் 1920-ல் 8 ஜெயித்து 3 டிரா செய்தது. கான்டன் புல்டாக்ஸ் 1922, 1923 இரண்டு வருஷமும் தோற்கவே இல்லை, நடுவில் டிரா உண்டு. 1929-ல் கிரீன் பே பேக்கர்ஸ் 12 வெற்றி, ஒரு டிரா. அப்போதெல்லாம் இறுதி ஆட்டம் என்று தனியாக எதுவும் கிடையாது. பட்டியலில் முதலில் நிற்பவரே சாம்பியன்.

1933-ல் இறுதி ஆட்டம் வந்த பிறகுதான் கதை கடினமாகிறது. அடுத்த வருஷமே சிகாகோ பேர்ஸ் 13 ஆட்டத்தில் 13-ம் ஜெயித்து நியூயார்க்குக்கு இறுதி ஆட்டம் ஆடப் போனது. மைதானம் முழுக்க ஐஸ். ஆணி வைத்த பூட்ஸ் பிடிக்காமல் இரண்டு அணியும் வழுக்கிக்கொண்டிருந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ்காரர்கள் ஆளை அனுப்பிப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து கூடைப்பந்து ஷூக்களை வாங்கி வரச் செய்தார்கள். இடைவேளைக்குப் பிறகு அதை மாட்டிக்கொண்டு இறங்கி, கடைசிக் கால்பகுதியில் மட்டும் 27 புள்ளி எடுத்து 30–13 என்று ஜெயித்துவிட்டார்கள். பதின்மூன்று வெற்றியைக் கடன் வாங்கிய ரப்பர் ஷூ கவிழ்த்தது. 1942-ல் அதே சிகாகோ 11–0 (11 வெற்றி, தோல்வி இல்லை) என்று வந்து, மறுபடியும் இறுதி ஆட்டத்தில் வாஷிங்டனிடம் 14–6 என்று தோற்றது.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. 1948-ல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் இறுதி ஆட்டத்தையும் சேர்த்து 15–0 என்று முடித்தது. ஆனால் அது ஆடியது என்.எஃப்.எல்லுக்குப் போட்டியாக அப்போது நடந்த வேறொரு லீக்கில். கிளீவ்லாண்ட்காரர்கள் இதை இன்னும் நினைவூட்டுவார்கள், நியாயம்தான்.

பெரிய ஆட்டத்தில் தோற்பவர் என்ற பெயர்

மயாமி டால்ஃபின்ஸ் 1966-ல் பிறந்த அணி. 1969-ல் 14 ஆட்டத்தில் மூன்றுதான் ஜெயித்தது. 1970-ல் பால்டிமோர் கோல்ட்ஸிலிருந்து டான் ஷூலா என்ற பயிற்சியாளரை இழுத்து வந்தார்கள். இழுத்த விதம் சரியில்லை என்று லீக் சொல்லி, அடுத்த வருஷத்துப் புதுமுகத் தேர்வில் மயாமிக்கு இருந்த முதல் சுற்று வாய்ப்பைப் பிடுங்கிப் பால்டிமோருக்குக் கொடுத்தது. ஷூலா முதல் முகாமிலேயே ஒரு நாளைக்கு நான்கு வேளை பயிற்சி வைத்தார். அந்த வருஷமே 10 வெற்றி, 4 தோல்வி.

ஷூலா கெட்டிக்காரர், ஆனால் பெரிய ஆட்டம் என்றால் கோட்டை விடுவார் என்று ஒரு பேச்சு. பேச்சில் உண்மையும் இருந்தது. 1964 சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் அவருடைய பால்டிமோர் 27–0 என்று தோற்றது. 1969 ஜனவரியில், சூப்பர் பவுல் என்று பெயர் பெற்ற இறுதி ஆட்டத்தில், 18 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் கணக்குப் போட்ட அதே பால்டிமோர், நியூயார்க் ஜெட்ஸிடம் 16–7 என்று தோற்றது. 1972 ஜனவரியில் மயாமியோடு சூப்பர் பவுல் போனார். டாலஸ் கௌபாய்ஸ் 24–3 என்று நொறுக்கியது. ஒரு டச்டவுன்கூட இல்லை. (அந்த ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் நள்ளிரவு தாண்டி ஜனாதிபதி நிக்சன் ஷூலாவின் வீட்டுக்கே போன் செய்து, மயாமி ஆட்டக்காரர் பால் வார்ஃபீல்டுக்கு இப்படி ஒரு பந்து எறியலாமே என்று யோசனை சொன்னார். ஆட்டத்தில் அதையும் எறிந்து பார்த்தார்கள். பலிக்கவில்லை.)

1972 சீசன் இந்தத் தோல்வியின் தொடர்ச்சி. எல்லா ஆட்டத்தையும் ஜெயிக்க வேண்டும் என்று யாரும் கிளம்பவில்லை. கடைசி ஆட்டத்தை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நூறு டாலர் ஆள்

எர்ல் மோரல் என்ற குவார்ட்டர்பேக்கைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சீசனைப் புரிந்துகொள்ள முடியாது. நான் 1972 பற்றிப் படிக்க ஆரம்பித்ததே இவரால்தான்.

மேலே சொன்ன 1969 ஜனவரி சூப்பர் பவுலில் பால்டிமோருக்கு ஆடியவர் மோரல்தான். முதல் பாதி முடியும் நேரத்தில் ஒரு தந்திர ஆட்டம் போட்டார்கள். ஜிம்மி ஓர் என்ற சக ஆட்டக்காரர் கோட்டுக்குப் பக்கத்தில் தன்னந்தனியாக நின்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். சுற்றி ஒருவரும் இல்லை. மோரல் அவரைப் பார்க்கவே இல்லை. வேறு பக்கம் எறிந்தார், எதிராளி பிடித்துக்கொண்டான். அந்த நாளில் அவருக்கு அது மூன்றாவது இன்டர்செப்ஷன். இரண்டாம் பாதியில் அவரை உட்கார வைத்துவிட்டார் பயிற்சியாளர். அந்தப் பயிற்சியாளர் ஷூலா.

மூன்று வருஷம் கழித்து, 1972 வசந்தத்தில், பால்டிமோர் மோரலை வேண்டாம் என்று விடுவித்தது. அப்படி விடுவிக்கப்பட்டவரை வேறு அணி எடுக்க வேண்டுமானால் கட்ட வேண்டிய தொகை 100 டாலர். ஷூலா கட்டினார். மோரலுக்கு 38 வயது. ஒட்ட வெட்டிய தலைமுடி, இருபது சொச்சம் வயதுப் பையன்களுக்கு நடுவே யாரோ ஒருவரின் அப்பா வந்து உட்கார்ந்த மாதிரி இருப்பார். மயாமியிடம் ஏற்கெனவே பாப் கிரீசி என்ற இளம் குவார்ட்டர்பேக் இருந்தார், நல்ல ஃபார்மில் வேறு. மோரல் வெறும் கைக்காவல்.

அக்டோபர் 15. ஐந்தாவது ஆட்டம். சான் டியாகோ சார்ஜர்ஸ்காரர்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கிரீசி மேல் விழுந்தார்கள். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் விலகியது. லீக் ஆட்டங்கள் மட்டுமே இன்னும் ஒன்பது. ஷூலா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றைய ஆட்டத்தை 24–10 என்று முடித்துக்கொடுத்தார் மோரல். அப்புறம் மிச்ச ஒன்பது லீக் ஆட்டத்தையும், அதன் பிறகு வரும், தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃப் சுற்றில் இரண்டு ஆட்டத்தையும் அவர்தான் தொடங்கினார். 17 வெற்றியில் 11 ஆட்டம் அவர் பெயரில் தொடங்கியவை. கதையைச் சொல்லும்போது ஷூலாவின் 17–0 என்பார்கள். எனக்கென்னவோ அதில் பெரும்பங்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட ஒரு கிழவருக்கு உரியது என்று தோன்றும்.

ஓடியே ஜெயித்த அணி

38 வயதுக்காரரை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தார்கள்? அவரை அதிகம் எறிய விடாமல் இருந்தார்கள்.

இந்த ஆட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. எறிந்த பந்தை யாரும் பிடிக்காவிட்டால் கடிகாரம் நிற்கும். பந்தோடு ஓடியவன் மைதானத்துக்குள்ளேயே சாய்க்கப்பட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக, ஓடி ஓடி நான்கு கெஜம், ஐந்து கெஜம் என்று நகரும் அணி நேரத்தையும் தின்னும். பந்து நம்மிடமே இருக்கும். எதிராளியின் நட்சத்திரங்கள் கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கக் கொஞ்சம் சலிப்பான ஆட்டம்தான். ஆனால் விபத்து குறைவு.

மயாமியில் இதற்கு ஆள் இருந்தது. லாரி சொங்கா ஏறத்தாழ 107 கிலோ. எதிராளியைச் சுற்றிப் போக மாட்டார், ஊடே போவார். மெர்க்குரி மாரிஸ் அதற்கு நேர்மாறு, கண்ணிமைக்கும் நேரத்தில் ஓரமாக நழுவி ஓடிவிடுவார். ஜிம் கீக் இரண்டுக்கும் நடுவே, அவசரத்துக்கு உதவுகிறவர். முன்னால் வழி வெட்டிக் கொடுக்க லாரி லிட்டில், ஜிம் லாங்கர் போன்றவர்கள். அந்தச் சீசனில் அணி மொத்தமாக ஓடியே 2,960 கெஜம் எடுத்தது. அன்றைக்கு அது லீக் சாதனை. சொங்கா 1,117 கெஜம். மாரிஸுக்கு சீசன் முடிந்தபோது 991 என்று கணக்கு வந்தது. அப்புறம் லீக் படச்சுருளைப் போட்டுப் பார்த்தது. பஃபலோவுடனான ஆட்டத்தில் கைநழுவிய ஒரு பந்துக்காக அவர் கணக்கில் கழித்திருந்த 9 கெஜம் தவறு என்று தெரிந்து திருப்பிக் கொடுத்தார்கள். சரியாக 1,000. ஒரே அணியில் இரண்டு பேர் ஆயிரம் கெஜம் ஓடியது அதுவே முதல் முறை.

தற்காப்பு அணிக்கு ‘பெயரில்லாத் தற்காப்பு’ என்று பட்டப்பெயர். டாலஸ் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி, மயாமித் தற்காப்பு ஆட்டக்காரர்களின் பெயர் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னதிலிருந்து ஒட்டிக்கொண்டது. நிக் பொனிகான்ட்டி, ஜேக் ஸ்காட், டிக் ஆண்டர்சன், மேனி ஃபெர்னாண்டஸ் எல்லாரும் அதில் இருந்தார்கள். 14 லீக் ஆட்டத்தில் இவர்கள் விட்டுக்கொடுத்தது 171 புள்ளி, லீக்கிலேயே குறைவு. அணி எடுத்த 385 புள்ளி, லீக்கிலேயே அதிகம்.

மயிரிழையில் தப்பியவை

வெளியிலிருந்து பார்த்தால் 17–0 என்பது எல்லாரையும் நசுக்கித் தள்ளிய மாதிரி தெரியும். நியூ இங்கிலாந்தை 52–0 என்று நசுக்கவும் செய்தார்கள். ஆனால் ஸ்கோர்களை வரிசையாகப் படித்தால் வேறு கதை.

மூன்றாவது ஆட்டம், மினசோட்டாவில். கடைசிக் கால்பகுதியில் 14–6 என்று பின்னால் இருந்தார்கள். கரோ யெப்ரெமியன் என்ற உதைப்பவர் 51 கெஜத்திலிருந்து ஒரு ஃபீல்டு கோல் அடித்தார். அப்புறம் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் கிரீசி ஒரு டச்டவுன் எறிந்தார். 16–14.

ஆறாவது ஆட்டம், மோரல் தொடங்கிய முதல் ஆட்டம், பஃபலோவுக்கு எதிராக. பஃபலோ குவார்ட்டர்பேக் பந்தைத் தன் ஓட்டக்காரரிடம் நீட்டுகிறார். நடுவில் வந்து விழுந்த மேனி ஃபெர்னாண்டஸ், நீட்டிய கையிலிருந்தே அதை வாங்கிக்கொண்டார். பரிமாறுகிற தட்டை வழியில் பறிக்கிற மாதிரி. கொடுத்தவருக்கே ஒரு கணம் புரியவில்லை. எதிராளிக் கோடு பக்கத்திலேயே. அடுத்த நகர்விலேயே டச்டவுன். ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 24–23. அந்தப் பந்து ஒழுங்காகக் கை மாறியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

பிளேஆஃபில் நிலைமை இன்னும் மோசம். கிளீவ்லாண்டிடம் கடைசிக் கால்பகுதியில் 14–13 என்று பின்னால். அங்கிருந்து 80 கெஜம் நகர்ந்து, கீக் ஓடி முடித்து 20–14. அடுத்து பிட்ஸ்பர்க். எல்லா ஆட்டமும் ஜெயித்த அணி ஏன் எதிராளி ஊருக்குப் போய் ஆட வேண்டும் என்று கேட்கலாம். அன்றைய விதிப்படி அரையிறுதி எந்த ஊரில் என்பது முறை வைத்து மாறிக்கொண்டே வரும், வெற்றிக் கணக்கைப் பார்ப்பதில்லை. 1975-லிருந்துதான் அதை மாற்றினார்கள்.

பிட்ஸ்பர்கில் 7–0 என்று பின்னால் இருக்கும்போது, லாரி சைப்பிள் பன்ட் உதைக்க நின்றார். எதிராளிகள் பந்து வரப்போகும் திசையை நோக்கி முதுகைக் காட்டி ஓட ஆரம்பித்துவிட்டார்கள் என்பதைக் கவனித்தார். உதைக்கவில்லை. பந்தை இடுக்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடினார். 37 கெஜம் போன பிறகுதான் பிடித்தார்கள். அடுத்துக் கொஞ்ச நேரத்தில் மோரல் எறிந்து சொங்கா பிடித்து 7–7. இடைவேளைக்குப் பிறகு ஷூலா ஒரு முடிவெடுத்தார். பதினொரு வாரமாகக் கால் ஆறக் காத்திருந்த கிரீசியை இறக்கினார். கிரீசி வந்ததும் வார்ஃபீல்டுக்கு 52 கெஜம் பறந்தது ஒரு பந்து. 21–17. மோரல் பெஞ்சுக்குப் போனார், இறுதி ஆட்டத்திலும் அங்கேதான். முகம் சுளித்ததாக யாரும் சொல்லவில்லை.

எதிராளிகள் சுமார்தானே?

இந்தச் சீசனைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இதை எடுப்பார். உண்மைதான். மயாமி 14 லீக் ஆட்டங்களில் சந்தித்த அணிகளில், அந்த வருஷம் தோல்வியைவிட வெற்றி அதிகம் வைத்திருந்தவை இரண்டே இரண்டு, கன்சாஸ் சிட்டியும் நியூயார்க் ஜயன்ட்ஸும். இரண்டும் 8–6. இப்போது லீக் அட்டவணையை முந்தைய வருஷத்து நிலையைப் பார்த்துப் போடுகிறது. முதலிடம் பிடித்தவருக்கு அடுத்த வருஷம் முதலிடக்காரர்களோடு கூடுதல் ஆட்டம். 1972-ல் அது இல்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அணி மிகப் பலமானது, ஒவ்வொரு ஆட்டத்தையும் ஜெயிக்க 90 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 17-ஐயும் ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு? சுமார் 17 சதவீதம்தான். 80 சதவீத அணியாக இருந்தால் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். எதிராளி சுமாராக இருந்தால்கூட ஒரு ஈரமான மைதானம், ஒரு வழுக்கல், ஒரு நடுவர் தீர்ப்பு போதும் கவிழ்க்க.

இன்றைக்கு இன்னும் கடினம். லீக் ஆட்டமே 17 ஆகிவிட்டது. பிளேஆஃபையும் சேர்த்தால் 20 அல்லது 21 ஜெயிக்க வேண்டும். அணிகள் சம்பளத்துக்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு இருப்பதால் நல்ல ஆட்டக்காரர்களை ஒரே இடத்தில் குவிக்கவும் முடியாது.

மிக அருகில் வந்தது 2007-ன் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். டாம் பிரேடி குவார்ட்டர்பேக். லீக்கில் 16–0, பிளேஆஃபில் இரண்டு, மொத்தம் 18–0. சூப்பர் பவுலில் ஜயன்ட்ஸ். கடைசி நிமிடங்களில் டேவிட் டைரி என்ற, அதிகம் பேர் அறியாத ஜயன்ட்ஸ் ஆட்டக்காரர், பந்தை ஒரு கையால் தன் ஹெல்மெட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே விழுந்தார். ஆட்டம் முடிய 35 விநாடி இருக்கையில் டச்டவுன். 17–14. பேட்ரியட்ஸ் 18–1. அகமதாபாத்தை நினைத்தால் அந்த ஊர்க்காரர்களின் இரவு புரியும்.

2009-ல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 14–0 என்று இருந்தபோது வேறு மாதிரி முடிந்தது. பிளேஆஃபில் முதலிடம் ஏற்கெனவே உறுதி. பதினைந்தாவது ஆட்டத்தில் முன்னணியில் இருக்கும்போதே பேட்டன் மேனிங்கை வெளியே எடுத்தார்கள், அடிபட்டுவிடக் கூடாதே என்று. சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். ஆட்டம் போயிற்று. மேனிங்கைப் பத்திரமாக வைத்திருந்தும் சூப்பர் பவுலும் போயிற்று. புத்திசாலித்தனமான முடிவுதான் அது. ஆனால் புத்திசாலித்தனமாக நடக்கிறவர்களுக்குப் பெர்ஃபெக்ட் சீசன் கிடைப்பது கஷ்டம்.

1985-ன் சிகாகோ பேர்ஸ் 12–0 என்று மயாமிக்கு வந்தது. ஷூலா அப்போதும் அங்கேதான் பயிற்சியாளர். 1972-ன் பழைய ஆட்டக்காரர்கள் சிலர் கோட்டோரத்தில் வந்து நின்றுகொண்டார்கள். மயாமி 38–24 என்று ஜெயித்தது. சிகாகோ அந்த வருஷம் தோற்ற ஒரே ஆட்டம் அது. ஒவ்வொரு சீசனிலும் தோற்காத கடைசி அணி தோற்கும்போது 1972 ஆட்கள் ஷாம்பெயின் உடைக்கிறார்கள் என்று ஒரு கதை உண்டு. அக்கம்பக்கத்தில் குடியிருந்த இரண்டு மூன்று பேர் செய்ததை ஊதிப் பெரிதாக்கியது என்று அவர்களே சொல்வார்கள்.

சிரிப்புக்கு நடுவே இதையும் சொல்லிவிட வேண்டும். மோரல் 2014-ல் 79 வயதில் இறந்தார். அவருடைய மூளையைப் பரிசோதித்ததில், தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்குவதால் வரும் சி.டி.ஈ. என்ற சிதைவு நோய் நான்காம் நிலையில், அதாவது கடைசி நிலையில், இருந்தது தெரிந்தது. பொனிகான்ட்டிக்கும் அந்த நோய் இருந்தது.

கடைசி ஆட்டம்

1973 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம், 90,182 பேர், ஜனவரியிலும் வெயில். எதிரே வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ். இப்போது அந்த அணி கமாண்டர்ஸ். 16–0 என்று வந்திருந்தும் பந்தயக்காரர்கள் வாஷிங்டனைத்தான் ஒரு புள்ளி முன்னால் வைத்தார்கள். ஷூலாவின் பழைய பெயர் இன்னும் போகவில்லை.

முதல் கால்பகுதியில் கிரீசி 28 கெஜம் எறிந்து ஹவர்டு ட்வில்லி பிடித்தார், டச்டவுன். இடைவேளைக்குச் சற்று முன் பொனிகான்ட்டி ஓர் இன்டர்செப்ஷன் பிடித்தார். அதிலிருந்து கீக் ஒரு டச்டவுன். 14–0. கிரீசி ஆட்டம் முழுக்க எறிந்தது 11 முறைதான். மிச்சமெல்லாம் ஓட்டம். ஜேக் ஸ்காட் இரண்டு இன்டர்செப்ஷன் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார்.

இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் பாக்கி. மயாமி 42 கெஜ ஃபீல்டு கோல் முயற்சிக்கு இறங்கியது. போனால் 17–0. சீசன் கணக்கும் 17–0, ஆட்டக் கணக்கும் 17–0. உதைக்க வந்தவர் கரோ யெப்ரெமியன். சைப்ரஸில் பிறந்த ஆர்மீனியர், வழுக்கைத் தலை, குட்டையான ஆள், சாக்கர் பழக்கத்தில் இடது கால் பக்கவாட்டால் உதைப்பவர். ஓய்வு நேரத்தில் கழுத்து டை தைத்து விற்பவர். பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்க முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தவர் எர்ல் மோரல்.

கரோ உதைத்தார். வாஷிங்டன்காரர் ஒருவரின் மேல் பட்டுப் பந்து திரும்பி வந்தது. அதன் மேல் அப்படியே விழுந்து கிடந்திருந்தால் போதும். கரோ அதை எடுத்தார். வாழ்நாளில் எறிந்து பழகாத அந்த மனிதருக்கு எறிய வேண்டும் என்று தோன்றியது. கையைப் பின்னால் கொண்டுபோனார். ஈர சோப்புக்கட்டி மாதிரிப் பந்து வழுக்கி மேலே போனது. கீழே வந்ததை இரண்டு கையாலும் தட்டிவிடப் பார்த்தார், அது இன்னும் உயரப் போனது. மைக் பாஸ் என்ற வாஷிங்டன்காரர் ஆகாயத்திலிருந்து பறித்துக்கொண்டு 49 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். 14–7. இன்னும் இரண்டு நிமிடம் 7 விநாடி.

பதினாறரை வெற்றி ஒரு டை வியாபாரியின் கையில் வழுக்கிப் போய்விடும் போல இருந்தது. வாஷிங்டனுக்குப் பந்து மறுபடி கிடைத்தபோது 74 விநாடி பாக்கி. நான்கு வாய்ப்பு. நான்காவதில் மயாமியின் இரண்டு தடுப்பாளர்கள் குவார்ட்டர்பேக் பில்லி கில்மரைச் சாய்த்தார்கள். கடிகாரம் ஓடி முடிந்தது.

கரோ பிற்பாடு பல வருஷம் மேடை மேடையாக ஏறி அந்த எறிதலைச் சொல்லியே கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். ஷூலாவை ஆட்டக்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பையன் எக்கி அவர் கையைக் குலுக்கினான்; குலுக்கிய கையோடு மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தையும் உருவிவிட்டான். ஷூலா தோளிலிருந்து குதித்து இறங்கினார், கூட்டத்துக்குள் புகுந்து அவனைத் துரத்திப் பிடித்து, கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.